அக்காவிடம் யாரும் ஹிட் அடித்ததில்லை

அக்காவின் வாயிலிருந்து ஒருவரைப் பற்றிக்கூடக் "கெட்டிக்காரர்" என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. பொறாமைக்காரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் பொறாமைக்காரருக்கு மற்றவர் அடைந்தது கண்ணில் படும், அதனால்தான் வயிறு எரியும். அக்காவுக்கு அது கண்ணிலேயே படாது. உலகத்தில் யாரும் எதையும் தன் திறமையால் அடைவதில்லை, வேறு யாரோ கவனப்பிசகாக விட்டுவிட்டதால்தான் அது இவர்கள் கையில் வந்து விழுகிறது என்பது அவருடைய முடிவு. அந்த முடிவை அவர் ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, பாபடோயிட்டோய் என்ற புறநகரில் வாடகைக்கு இருந்தபோது அடுத்த வீட்டுக்காரி அவர். மலேசியாக்காரி, பேச்சுக்குப் பேச்சு லா போடுவார். ஈப்போவில் கன்னியர் பள்ளியில் படித்து, நர்ஸாகி, இங்கே ஒரு பெரிய மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தார். நாற்பதை நெருங்கிய வயது, நெடிய உருவம், வலது தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். கணவர் ஒடாஹுஹுவில் ஒரு பட்டறையில் வேலை செய்த அமைதியான மனிதர். ஒரே மகள் மாலாவுக்கு அப்போது பதினாலு.

இவருக்கு, அதாவது என் கணவருக்கு, விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை கிடைத்தபோது நான் ரவை லட்டுப் பிடித்து வேலிக்கு மேலால் நீட்டினேன். அக்கா ஒன்றைக் கடித்தபடி, "இண்டர்வியூ எடுத்தவன் அரைத் தூக்கத்துல இருந்திருப்பான் லா," என்றார். நான் முதல் தடவையிலேயே கார் ஓட்டும் பரீட்சையில் தேறி வந்து குதித்தபோது, "சாப்பாட்டு நேரம் பாரு, அந்த ஆளுக்குப் பசி," என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அழைத்து நண்டுக் குழம்பு வைத்தேன். வந்தவர்கள் எல்லோரும் விரலைச் சூப்பினார்கள். அக்காவும் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார். கை கழுவும்போது சொன்னார்: "நண்டு நல்ல நண்டு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன்.

அதே கணக்கு மறுபக்கமும் ஓடும். அக்கா கையால் ஒன்றும் கெட்டதாகச் சரித்திரம் கிடையாது. அவர் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தால், "இவரு அந்த நேரம் பாத்து மணி என்னான்னு கேட்டாரு." அவர் காரின் பின்பக்கம் கம்பத்தில் இடித்தால், "மாலா பின்னாடி உக்காந்து எனக்குத் தெரியாத மாதிரி மறைச்சா." அண்ணை, அதுதான் அவருடைய கணவர், இதற்கெல்லாம் பேப்பரை ஒரு பக்கம் திருப்புவார், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனுஷிக்கு என்றே படைத்தது போல ஒரு விளையாட்டு இந்த ஊரில் இருந்தது. பேஸ்பால் என்று அமெரிக்காவில் ஆடுகிறார்களே, அதன் தங்கை சாஃப்ட்பால். பந்து சற்றுப் பெரிது. வீசுபவர் கையை ஒரு முழு வட்டம் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து எறிவார். அக்கா கன்னியர் பள்ளியிலேயே அதில் பேர்போனவர். எங்கள் பக்கத்துக் கிளப்பின் பெண்கள் அணியில் பந்து வீசியவர் அவர்தான். கார் கொட்டகைக் கதவில் சாக்குக்கட்டியால் ஒரு சதுரம் கீறி வைத்து, வேலையால் வந்ததும் உடுப்பு மாற்றாமலே அதில் எறிவார். அந்தச் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கோப்பைகள் அதிரும்.

"வீட்டுல சும்மா உக்காந்து என்னா பண்ற? வா, ஸ்கோர் எழுது. உன் கையெழுத்து நல்லா இருக்கு," என்று ஒரு சனிக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு போனார். எனக்கு முன்னால் எழுதியவர்கள் ஏன் போனார்கள் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும்.

எழுதப் பழகியபோதுதான் எனக்கு அக்காவை விளங்கியது. மட்டை பிடிப்பவள் பந்தை அடித்துத் தன் பலத்தால் முதல் தளம் என்கிற முதல் மூலைக்கு ஓடிப்போய்ச் சேர்ந்தால் அது ஹிட். பிடிக்கக்கூடிய பந்தை நம் ஆள் ஒருத்தி கோட்டைவிட்டதால் அவள் போய்ச் சேர்ந்தால் அது எரர், கோட்டைவிட்டவளின் பெயரில் விழும். நடுவருக்கு இதில் வேலை இல்லை. எது ஹிட், எது எரர் என்று முடிவு சொல்வது எழுதுகிற ஆள். ஏழு சுற்றும் முடியும்வரை ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒருத்தி பந்து வீசி முடித்தால் அதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். எரர் எத்தனை விழுந்தாலும் பாதகமில்லை. வீசியவளின் பெயர் சுத்தம்.

அந்த எரர் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவருக்கு அக்கா கோயில் கட்டியிருப்பார்.

கிளப் கட்டடத்துக்குள் ஒரு மரப்பலகை தொங்கியது. நோ-ஹிட்டர் வீசியவர்களின் பெயரைப் பொன்னெழுத்தில் எழுதியிருந்தார்கள். எல்லாம் ஆண்கள். பெரிய பெரிய தொழில்முறை அணிகளுக்கே இது எப்போதாவதுதான் வாய்க்கும், அந்தந்த அணியின் சரித்திரத்தில் அதைத் தனியாகச் சொல்லிவைப்பார்கள் என்று அக்காதான் எனக்குச் சொன்னார். வார்டில் கிடந்த பழைய அமெரிக்க சஞ்சிகைகளில் படித்திருந்தார். சரி, அந்த வீரர்களையாவது மெச்சுவார் என்று பார்த்தால், "எதிர்ல நின்னவனுங்க சரியில்ல," என்றார். பலகையில் இருந்தவர்களுக்கு, "அந்தக் காலத்துல மட்டையே மட்டம்." ஆனால் அந்தப் பலகையில் தன் பெயர் ஏறவேண்டும் என்று அவர் வெறிகொண்டிருந்தார். ஒவ்வொரு பருவத்திலும் ஆறாம் சுற்றுவரை கொண்டுபோவார், அதற்குப் பிறகு யாராவது ஒருத்தி அடித்துவிடுவாள். அக்காவைக் கேட்டால் அதில் ஒன்றுகூட ஹிட் இல்லை. எழுதியவளுக்குக் கண் தெரியாது.

மாலா அதே அணியில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நிற்பாள். பந்து அதிகம் வருகிற இடம். பிள்ளை மான்குட்டிபோலப் பாய்வாள். பள்ளியில் கணக்குக்குப் பரிசு வாங்கி வந்த அன்று நான் வேலியடியில் நின்றேன். அக்கா கோப்பையை வாங்கிப் பார்த்து, "கேள்வி ஈசி போல," என்றார். மாலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "மம் இஸ் மம், ஆன்ட்டி." அந்தச் சிரிப்பை நான் அப்போது நம்பிவிட்டேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நியாயம் இல்லாதவள். நாங்கள் வந்த இரண்டாம் வருடம் என் வயிற்றில் தங்கிய பிள்ளை நாலாம் மாதத்தில் தங்காமல் போனது. நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். பாரம் தூக்கினேனே, என்னால்தானே போனது என்று படுக்கையில் கிடந்து அழுதேன். அக்கா வேலை முடித்து நர்ஸ் உடுப்போடேயே வந்தார். என் காலைக் கழுவித் துடைத்து, கஞ்சி வைத்து ஊட்டிவிட்டு, "வாய மூடு. இந்தத் தப்பு உன்னுது இல்ல. யாருதுன்னு நான் பாத்து சொல்றேன். உன்னுது இல்ல, அவ்ளோதான்," என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பினேன். அதனாலேயே இத்தனைக்குப் பிறகும் என்னால் அவரை முழுதாக வெறுக்க முடியவில்லை. அது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பிறகு அந்த ஆட்டம் வந்தது. ஹில்ஸ்பரோப் பக்கத்து அணி. நல்ல வெயில், தலைக்கு மேலே விமானங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. நாலாம் சுற்று முடிந்தபோது ஒரு ஹிட்கூட விழவில்லை, எங்கள் பெஞ்சு அமைதியாகிவிட்டது. எங்கள் கோச் ஒரு மாவோரிப் பெண், வாய் ஓயாதவள், அவளே வாயை மூடிக்கொண்டாள். நோ-ஹிட்டர் நடக்கும்போது வீசுகிறவளோடு யாரும் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது, அந்தச் சொல்லையே எடுக்கக்கூடாது என்பது இந்த விளையாட்டுக்காரரின் சம்பிரதாயம். எடுத்தால் கண்ணூறு பட்டுவிடுமாம். அக்காவின் பக்கத்தில் மற்ற நாட்களிலும் யாரும் உட்காருவதில்லை என்பதால் அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன். தெரிந்திருக்கிறது. ஆறாம் சுற்று முடிந்து வந்தவர், பெஞ்சைப் பார்த்து, "இப்படியே இருங்க. எப்பவும் இப்படி இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்," என்று தமிழில் சொன்னார். விளங்கியது எனக்கும் மாலாவுக்கும் மட்டும்தான்.

ஏழாம் சுற்றில் எதிரணியில் இரண்டு பேர் ஆட்டமிழந்துவிட்டார்கள். இன்னும் ஒருத்தி போனால் முடிந்தது. உயரமான வெள்ளைக்காரப் பெண், இடக்கை ஆட்டக்காரி. அக்கா வீசினார், அவள் விளாசினாள். பந்து மாலாவின் வலப்பக்கமாக, ஆள் எட்டாத தூரத்தில் கிழித்துக்கொண்டு போனது. வேறு யாராக இருந்தாலும் நின்று பார்த்திருப்பார்கள். மாலா பாய்ந்தாள். கையுறை எட்டாது என்று தெரிந்து வெறுங்கையை நீட்டினாள். பந்து அவள் விரல் நுனியில் பட்டுத் திசை மாறி ஓடியது. அடித்தவள் முதல் தளத்தில் போய் நின்றாள்.

அது ஹிட். என்னைப் போலப் புதிதாகப் பழகியவளுக்கே தெரியும். மைதானத்தில் நின்ற நாய்க்கும் தெரியும்.

மாலா எழும்பவில்லை. கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு முழங்காலில் இருந்தாள். கோச் அவளிடம் ஓடினாள். அக்கா என்னிடம் வந்தார். மகள் விழுந்து கிடந்த இடம் அவருக்குப் பக்கம், நான் இருந்த மேசைதான் தூரம். ஒரு வார்டு முழுவதையும் மேய்க்கிற நர்ஸ், மகளின் கைப்பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"எரர் தான?" என்றார்.

"அக்கா, அது எட்டாத பந்து. பிள்ளை பாய்ஞ்சதே பெரிய காரியம்."

"கையில பட்டுச்சு இல்ல? பட்டா பிடிக்கணும். எரர் லா அது."

"முதல்ல போய் அந்தக் கையைப் பாருங்கோ."

"நீ எழுது. நான் பாத்துக்கறேன்."

"நான் ஹிட் எண்டுதான் எழுதுவன். என்னால பொய் எழுதேலாது," என்றேன். நடுவர் தூரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோச் வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "யுவர் கால், டியர்," என்று என் தோளில் தட்டினாள். முடிவு உன்னுடையது, யாரும் தலையிடமாட்டோம் என்று அர்த்தம். எனக்கு அந்த நேரம் பென்சிலை எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்போல இருந்தது.

அப்போது மாலா நடந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது. மோதிர விரல் தடித்து நீலமாகி, நடுவில் வேறொரு பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தது. அம்மாவை அவள் பார்க்கவில்லை. என் மேசையில் மற்றக் கையை ஊன்றிக்கொண்டு, "எரர்னு போடுங்க, ஆன்ட்டி," என்றாள்.

"பிள்ளை, அது உன்னுடைய பிழை இல்லை."

"ஐ நோ. போடுங்க, ப்ளீஸ். நீங்க சாயங்காலம் உங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் அவங்க வீட்டுக்குப் போகணும்."

எழுதினேன். இதற்கு என்னைக் குற்றம் சொல்ல வருபவர்கள் அந்த விரலையும் அந்த முகத்தையும் பார்த்திருக்கவேண்டும்.

அக்கா திரும்பிப் போனார். மாலாவை மாற்றுவதற்குக் கோச் ஆள் தேடினாள். "இன்னும் ஒரு ஆள் தான, நிக்கட்டும்," என்றார் அக்கா. மாலா போய்த் தன் இடத்தில் நின்றாள், உடைந்த கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. அடுத்து வந்தவளை அக்கா மட்டையில் பந்து தட்டவே விடாமல் அனுப்பினார். அதைப்போல ஒரு வீச்சை நான் பிறகு கண்டதில்லை. அதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

எல்லோரும் கத்திக்கொண்டு ஓடினார்கள். அக்கா அவர்களை விலக்கிவிட்டு மாலாவிடம் போய், அவளைப் புல்லில் இருத்தி, ஐஸ்பழக் குச்சியை வைத்து விரலை நேராக்கிக் கட்டினார். கட்டு அவ்வளவு நேர்த்தி. மருத்துவமனையில் டாக்டரே யார் கட்டியது என்று கேட்டாராம். கட்டி முடித்து முடிச்சை இறுக்கும்போது சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்: "கைய ஒழுங்கா வெச்சிருந்தா ஒடிஞ்சிருக்காது."

இரண்டு வாரம் கழித்துப் பலகையில் பெயர் ஏறியது. கிளப்பில் பெண் பெயர் ஏறியது அதுதான் முதல். பியரும், பேப்பரில் சுற்றிய மீனும் சிப்ஸும் என்று கூட்டம் அமர்க்களப்பட்டது. அக்காவைப் பேசச் சொன்னார்கள். அவர் எழும்பி, கண்ணாடிக் கோப்பையைத் தூக்கி, கணீரென்ற ஆங்கிலத்தில் ஒரே ஒரு விஷயம் பேசினார். மற்றவர்கள் ஒன்பது பேரோடு ஆடி நோ-ஹிட்டர் வீசியதாகவும், தான் எட்டுப் பேரோடு வீசியதாகவும், ஒன்பதாவது ஆள், தான் பெற்ற பிள்ளை, எதிரணிக்கு ஆடியதாகவும் சொன்னார். கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. நல்ல பகிடி என்றே நினைத்தார்கள். எல்லோருடைய கண்ணும் மாலாவிடம் போக, மாலாவும் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். அண்ணை மட்டும் எழும்பி வெளியே போய்க் காருக்குள் இருந்தார். நான் மீனைப் பேப்பரோடு சுருட்டி வைத்தேன். அடுத்த சனிக்கிழமை நான் எழுதப் போகவில்லை. "அவளுக்கு அவசரத்துல எழுத வராது," என்று அக்கா நான் விலகியதையும் ஒரு எரராக முடித்துவிட்டார் என்று கேள்வி.

மாலாவின் விரல் பொருந்தியது, ஆனால் நேராகவில்லை. பேனா பிடிக்கும்போது அது மட்டும் தனியாக வெளியே நிற்கும்.

பதினெட்டு முடிந்ததும் ஒரு காலையில் அவள் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் ஒரு பை.

"ஆன்ட்டி, கேன் ஐ யூஸ் யுவர் ஃபோன்? டாக்ஸி கூப்பிடணும்."

"எங்கை போறாய்?"

"சிட்னி. வேலை கிடைச்சிருக்கு."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இப்பதான் சொல்லப் போறேன். நேரா, மூஞ்சியப் பாத்து," என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. கோபமும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் வேலியடியில் நின்றேன். அக்கா கொட்டகைக் கதவில் பந்து எறிந்துகொண்டிருந்தார். மாலா பையை நிலத்தில் வைத்துவிட்டு, அவருக்கு முன்னால், சாக்குக்கட்டிச் சதுரத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். "மம், நான் போறேன். நீங்க என்னை எப்பவும் எதுக்கும் பாத்ததே இல்ல. திரும்பி வரமாட்டேன்." அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. அக்காவின் கையில் பந்து இருந்தது. மாலா விலகி நடந்து போய் டாக்ஸியில் ஏறினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அக்கா கையைச் சுழற்றி எறிந்தார். பந்து சதுரத்தின் நட்டநடுவில் பட்டது.

இரண்டு நாள் கழித்துக் கொடியில் துணி போடும்போது வேலிக்கு இந்தப் பக்கம் என்னைக் கண்டார். அவர் கையில் மாலாவின் ஆட்டச் சட்டை. மாலாவின் இடத்தில் நிற்க வருகிற புதுப் பெண்ணுக்குக் கொடுக்கத் துவைத்திருந்தார்.

"அவளா போகல," என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. "இவரு பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருக்காரு. நீ ஃபோனக் குடுத்திருக்க. இல்லாட்டி எங்க போயிருப்பா?"

இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது எனக்கு வாயில் வந்துவிட்டது. "இல்லை அக்கா. அவ தானாத்தான் போனவ. இது ஹிட். உங்கட கையால போன ஹிட்."

அக்கா குனிந்து, கூடையிலிருந்த கிளிப்பை எடுத்து, சட்டையின் தோளை இழுத்து நேராக்கிக் கொடியில் மாட்டினார். என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எரர்னே போடு. யாருதுன்னு நான் பாத்து சொல்றேன்."

இன்றுவரை சொல்லவில்லை.